கமாலியேலின் மாணவர்

வைராக்கியம் என்ற சொல் நம் முன்னோர் நாவில் பெருமைக்குரிய சொல்லாக இருந்தது. பக்தி வைராக்கியம் உள்ளவர் என்றால், எடுத்த ஒறுத்தலை இடையில் விடாதவர், மழையானாலும் வெயிலானாலும் ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர், உலக ஆதாயத்துக்காகத் தம் விசுவாசத்தை விலைபேசாதவர் என்று பொருள். இன்று அச்சொல் பெற்றோர் மனத்தில் ஓர் அச்சத்தை எழுப்புகிறது. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் திடீரென்று பெரும் பக்திமானாகிவிட்டான் என்று கேள்விப்படும் தந்தை, மகிழ்வதா கலங்குவதா என்று அறியாமல் திகைக்கிறார். அந்தத் தந்தை இந்துவாக இருக்கலாம், இஸ்லாமியராக இருக்கலாம், கிறிஸ்தவராகவும் இருக்கலாம். கலக்கம் ஒன்றே.

இக்கலக்கத்தின் அடியில் ஒரு பழைய வினா கிடக்கிறது. இறைப்பற்று அளவு மீறிப் போகக்கூடுமா? மதத்தின் பெயரால் கொல்லத் துணிபவரிடம் இறைப்பற்று மிகுந்துவிட்டதா, குறைந்துவிட்டதா? கைப்பேசித் திரையின் வழியே மதத் தீவிரவாதம் மாணவர்களின் படுக்கையறைவரை வந்துவிட்ட இந்நாளில், இது மறையியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. பிள்ளைகளைப் பெற்ற நம் அனைவர்க்கும் உரிய வினா.

நம்மிடையே இதற்கு இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. எதிலும் அளவு வேண்டும், மதத்திலும் அப்படியே என்பது முதல் விடை. பூசை நேரத்தில் பூசை, படிக்கிற நேரத்தில் படிப்பு, பிறகு ஒரு வேலை, அவ்வளவு போதும் என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அதெல்லாம் அவர்கள் மதத்தின் குணம், நம் பிள்ளைகளுக்கு அது வராது என்பது இரண்டாம் விடை. முழு இதயத்தோடும் முழு மனத்தோடும் அன்பு செய்யக் கேட்கும் இறைவனுக்குப் பாதி இதயம் போதும் என்கிறது முதல் விடை. அயலாரை அறியாமலே அவர்மீது தீர்ப்பெழுதுகிறது இரண்டாவது. இரண்டுமே நம்மைக் காப்பாற்றப் போவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் வாசலில்

மூங்கில்துறைப்பட்டில் பல்கலைக்கழகம் இல்லை. சாத்தனூர் அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பி வாழும் ஊர் இது. அரவைப் பருவத்தில் கரும்பேற்றிய வண்டிகள் ஆலைக்கு வந்தவண்ணம் இருக்கும். மேற்கே கல்வராயன் மலை. இங்கும் சுற்றுச் சிற்றூர்களிலும் பிறந்த பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்குத் திருவண்ணாமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் போகிறார்கள். அவர்களில் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். எவ்வளவு கட்டணம் என்பது பெற்றோருக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குமேல் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பிள்ளை யாருடைய குரலைக் கேட்கிறான், எந்தக் குழுவில் என்ன எழுதுகிறான் என்பது தெரியாது.

இவையெல்லாம் பெருநகரங்களில் நடக்கும் செய்தி என்று நாம் இருந்துவிட முடியாது. 2022 ஜூலை 13 அன்று நம் மாவட்டத்தின் சின்னசேலம் அருகே கனியாமூரில், தனியார் பள்ளி ஒன்றில் படித்த மாணவி இறந்தார். அக்குடும்பத்தின் துயரம் உண்மையானது. நீதி கேட்டது நியாயமானது. ஆனால் நான்கு நாள்களுக்குப் பின், ஜூலை 17 அன்று, பெருமளவுக்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியே திரண்ட கூட்டம் பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளைக் கொளுத்தியது, வகுப்பறைகளைச் சூறையாடியது. அங்கே படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், அவர்களில் இளைஞர் பலர்.

அந்நிகழ்ச்சியில் மதம் இல்லை. ஆயினும் அதன் நடைமுறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் ஒரு நியாயமான துயரம். பிறகு அத்துயரத்தைச் சுற்றி, உறுதி செய்யப்படாத நூறு செய்திகள். பிறகு, இன்னும் சும்மா இருக்கிறாயா என்று கேட்கும் ஒரு குரல். முடிவில், முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் நின்று, தங்களுக்கு எத்தீங்கும் செய்யாத பிள்ளைகளின் சான்றிதழ்களை எரித்தார்கள். இதே நடைமுறையோடு கடவுளின் பெயரும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கடல் கடந்து சற்றே பார்க்க வேண்டும்.

தமிழில் பேசிய குரல்

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பின் விடுதிகளிலும் மனிதர்கள் குண்டுகளாக வெடித்தார்கள். இறந்தவர்கள் 250-க்கும் மேற்பட்டோர். சீயோன் சபையில் மாண்டவர்களில் பலர் குழந்தைகள்.

தாக்கியவர்களின் தலைவராகக் கருதப்பட்ட சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியைச் சேர்ந்தவர். முகநூலிலும் யூடியூபிலும் அவர் ஆற்றிய உரைகள் தமிழில் இருந்தன. இதைத் தமிழர்களாகிய நாம் எளிதில் கடந்துபோக முடியாது. தேவாரமும் திருவாசகமும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் பிறந்த மொழியில், பக்தியின் மொழி என்று நாம் பெருமை பேசும் மொழியில், அந்த வெறுப்பும் பேசியது. அது கடல் கடந்தும் கேட்டது. அவருடைய முகநூல் நண்பர் என்று கூறிக் கோவையைச் சேர்ந்த ஒருவரைத் தேசியப் புலனாய்வு முகமை 2019 ஜூனில் கைது செய்தது. 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியற்காலையில், கோவைக் கோட்டை ஈசுவரன் கோயில் முன்னே கார் ஒன்று வெடித்தது. உள்ளே இருந்து மாண்ட இளைஞர் பொறியியல் பட்டதாரி.

இவர்கள் கல்லாதவர்கள் அல்லர். இலங்கைத் தாக்குதலில் ஈடுபட்ட ஒருவர் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உயர்கல்வி பயின்றவர். இருவர் பெருஞ்செல்வரான வணிகர் ஒருவரின் புதல்வர்கள். 2016-இல் கேரளத்திலிருந்து ஆப்கானிஸ்தானுக்குச் சென்று ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்த 21 பேரில் பொறியாளரும் மருத்துவம் பயின்றவர்களும் இருந்தனர். கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து மதம் மாறியவர்களும் இருந்தனர். படிப்பு வந்தால் வெறி போய்விடும் என்று நாம் நம்பி வந்தோம். அந்நம்பிக்கை முழு உண்மை அன்று.

தியேகோ காம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டாக் என்னும் இரு சமூக அறிவியல் அறிஞர்கள் 2016-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதை ஆராய்ந்தனர். இஸ்லாமியத் தீவிரவாத இயக்கங்களில் சேர்ந்த பட்டதாரிகளில் பொறியாளர்களின் பங்கு, எதிர்பார்க்கத்தக்க விகிதத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்று கண்டனர். காரணங்களாக இரண்டைக் கூறினர். கடினமாகப் படித்தும் தகுந்த வேலையும் மதிப்பும் கிடைக்காத ஏமாற்றம் ஒன்று. வேலை கிடைத்த சவூதி அரேபியாவில் பொறியாளர்கள் அந்த அளவுக்கு இவ்வழியில் செல்லவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே ஒரு விடைதான் உண்டு என்று எதிர்பார்க்கும் மனப்போக்கு மற்றொன்று. வீட்டுக்கு ஒரு பொறியாளர் என்று சொல்லத்தக்க நம் தமிழ்நாட்டில் இவ்விரண்டையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பொறியியல் படிப்பு குற்றவாளி அன்று. ஏமாற்றத்தோடு நிற்கும் இளைஞரிடம், ஒரே வரியில் விடை தருவேன் என்று ஒரு குரல் வந்தால், அது அவரை எளிதில் பற்றிக்கொள்ளும்.

இது ஒரு மதத்தின் நோய் என்று முடிவு கட்டுவோரும் பிறவற்றைப் பார்க்க வேண்டும். 2022 புத்தாண்டு நாளில், நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்லாமியப் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை ஏலம் விடுவதுபோல் இழிவுபடுத்தும் செயலி ஒன்று இணையத்தில் வந்தது. அதன் தொடர்பில் கைதானவர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள்; அவர்களில் பொறியியல் மாணவர்கள் இருந்தனர். ஒருவரையொருவர் இணையத்திலேயே கண்டு, புனைபெயர்களில் பேசிப் பழகி, இந்து சமயத்தைக் காக்கிறோம் என்ற எண்ணத்தோடு அங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 2011 ஜூலை 22 அன்று நார்வே நாட்டில் 77 பேரைக் கொன்றவர், இணையத்திலிருந்து திரட்டி எழுதிய 1,500 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையில், கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காக்கும் சிலுவைப் படைவீரராகத் தம்மைச் சித்திரித்துக்கொண்டார். ஆக, எந்தக் கொடியும் இதற்குப் பயன்படும். நம் சிலுவையும் பயன்பட்டது.

நல்ல ஆசையின் வழியே

மாணவரை இவ்வழிக்கு அழைத்துச் செல்வது எது? வெறுப்பு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வெறுப்பு கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது பெரும்பாலும் நல்ல ஆசையே.

சிற்றூரிலிருந்து நகரக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு அங்கே தன் பேச்சு வேறு, உடை வேறு, சாதி வேறு என்று உணர்த்தப்படுகிறது. நான் யார் என்ற கேள்வி அவருக்குள் எழுகிறது. அவரை இன்னார் என்று பெயர் சொல்லி அழைத்து, நீ எங்களில் ஒருவன் என்று சொல்லும் குழு ஒன்று திரையில் கிடைக்கிறது. அடுத்து, தம் மதத்தார் எங்கோ கொல்லப்படும் காட்சிகள் காட்டப்படுகின்றன. இரங்குகிறார், இரக்கம் நற்பண்பு. மூன்றாவதாக, வேலை, திருமணம், வீடு என்பதற்கு அப்பால் தம்மை முழுதும் ஒரு பேருண்மைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற தாகம் இளமைக்கு இயல்பாக உண்டு. அத்தாகம் இருந்ததால்தான் பிரான்சிஸ் சவேரியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தை விட்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

உறவு, இரக்கம், தற்கையளிப்பு. இம்மூன்றில் எது தீயது? ஒன்றும் இல்லை. இவற்றைத் தீமையாக்குவது, இவை திரைக்குள் அடையும் மாற்றமே. திரைக்குப் பின்னே இயங்கும் கணக்குமுறை நன்மை தீமை அறியாதது. எதை நாம் நெடுநேரம் பார்க்கிறோமோ அதைப் போன்றதையே மேலும் மேலும் தருவதற்கென்று அது அமைக்கப்பட்டிருக்கிறது. அமைதியான விளக்கத்தைவிடச் சினமூட்டும் காட்சி மனிதரை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது. ஆகவே சினம் பெருகுகிறது. ஒரு கிழமைக்குள், உலகம் முழுதும் தம் மதத்துக்கு எதிராகத் திரண்டு நிற்கிறது என்று மாணவர் நம்பத் தொடங்கிவிடுகிறார்.

இணையம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதற்கில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 பேரைக் கொன்ற தொடர்குண்டு வெடிப்பின்போது நம்மவர் கையில் திரை இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே நிகழ்ந்த கலவரமும் உயிர்ப்பலியும் இருந்தன. ஆறாத சினம் இருந்தது. முன்பு அத்தகைய சினம் ஓரூரின் காயத்திலிருந்து எழுந்தது. இப்போது, தாம் ஒருபோதும் காணாத ஊரின் காயத்தையும் மாணவர் நாள்தோறும் சுமக்கிறார். அக்காயத்துக்கு மருந்திட அவர் கை எட்டாது. வெறுக்க மட்டுமே எட்டும். செயல்பட வழியில்லாத இரக்கம் நாளடைவில் சினமாகப் புளித்துப்போகிறது.

ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2024 ஜூனில் நம் மாவட்டத் தலைநகராகிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், நச்சுச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எத்தனையோ பிள்ளைகள் தந்தையை இழந்தனர். அத்துயரம் செய்தியாகிச் சில வாரங்களில் திரையிலிருந்து மறைந்தது. நம் மாணவருக்குத் தொலைவில் உள்ள பகைவர் ஒவ்வொருவரையும் தெரியும். கருணாபுரத்துப் பிள்ளை இப்போது எந்த வகுப்பில் படிக்கிறது என்று தெரியாது. தொலைவில் உள்ளோர்க்காக அழுவது தவறில்லை. அருகில் உள்ளோர் கண்ணுக்கு மறைந்துபோவதுதான் நோயின் முதல் அறிகுறி.

ஆடைகளைக் காத்த இளைஞர்

விவிலியத்தில் இதற்கு ஒரு மாணவரின் வரலாறு உண்டு. தார்சு நகரில் பிறந்த சவுல், எருசலேமில் கமாலியேல் என்னும் பேராசிரியரின் காலடியில் அமர்ந்து கற்றவர். கமாலியேல் மக்கள் அனைவரும் மதித்த அறிஞர். திருத்தூதர்களைக் கொல்ல வேண்டும் என்று தலைமைச் சங்கம் கொதித்தபோது, எழுந்து நின்று பொறுமை சொன்னவர் அவர். இது மனிதரின் செயல் என்றால் தானே அழியும், கடவுளின் செயல் என்றால் அதை எதிர்ப்பது கடவுளோடு போரிடுவதாகும், ஆகவே விட்டுவிடுங்கள் என்பது அவருடைய அறிவுரை. கடவுளின் காரியத்தைக் காக்க நம் கைக்கல் தேவையில்லை என்று அறிந்த ஞானம் அது.

அவருடைய மாணவர் திருச்சட்டத்தைக் கற்றார். அந்தப் பொறுமையைக் கற்கவில்லை. தம் வயதொத்தவர்களைவிட முன்னோரின் மரபில் தாம் மிகுந்த வைராக்கியம் காட்டியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட நாளில் சவுல் கல் எறிந்ததாக லூக்கா எழுதவில்லை. எறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார்கள். அவர் அவற்றைக் காத்துநின்றார், அக்கொலைக்கு உடன்பட்டிருந்தார்.

இந்தச் சிறு செய்தி நமக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. இன்று மதவெறியின் வலையில் இருக்கும் மாணவருள் மிகப்பெரும்பாலோர் ஒருபோதும் குண்டு வைக்கப் போவதில்லை. கல்லும் எறியப் போவதில்லை. வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். விருப்பக் குறி இடுகிறார்கள். சிரிக்கும் முகம் ஒன்றை அதன்கீழ் வைக்கிறார்கள். நான் யாரையும் அடிக்கவில்லையே என்று அவர்கள் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. எறிபவர்களின் ஆடைகளை மட்டும் காக்கிறார்கள். ஆனால் ஆடையைக் காக்க ஒருவர் இருந்தால், எறிபவரின் கை இன்னும் விடுதலையாக வீசுகிறது. அடுத்த அதிகாரத்திலேயே அந்த இளைஞர் வீடு வீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தார் என்று படிக்கிறோம். ஆடைகளைக் காத்தவர் அங்கேயே நின்றுவிடவில்லை.

அவரை மாற்றியது எது? வாதத்தில் யாரும் அவரை வெல்லவில்லை. தமஸ்கு செல்லும் வழியில் கேட்ட குரல், அவருடைய கொள்கை தவறு என்று விளக்கவில்லை; தன்னை ஏன் துன்புறுத்துகிறாய் என்றே கேட்டது. அதுவரை சவுலுக்கு எதிரே இருந்தது ஒரு கூட்டம், ஒரு கேடு, ஓர் ஆபத்து. இப்போது அது ஒரு முகம் ஆயிற்று; வலியை உணரும் ஒருவர் ஆயிற்று. பிறகு, அவர் கைது செய்ய வந்த கூட்டத்தைச் சேர்ந்த அனனியா என்பவர், அஞ்சிக்கொண்டே அவரைத் தேடி வந்தார். தலைமேல் கைகளை வைத்தார். சகோதரர் என்று அழைத்தார். கண்கள் திறந்தது அதற்குப் பிறகுதான்.

இங்கே நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. சவுலிடம் இருந்த வைராக்கியம் பவுலிடம் அணைந்துபோகவில்லை. கடலிலும் சிறையிலும் பசியிலும் அது இன்னும் பெருகி எரிந்தது. ஆனால் முன்பு அந்த நெருப்பின் விலையைப் பிறர் செலுத்தினர். பின்பு அதை அவரே செலுத்தினார். முன்பு அவருக்கு எதிரிகள் இருந்தனர். பின்பு அயலார் இருந்தனர். மதவெறியரிடம் இறைப்பற்று மிகுந்துவிட்டது என்பது பிழை. அயலார் இல்லாத இறைப்பற்று அது. ஆகவே அது குறையுள்ள பற்று.

நம்மை நோக்கியும்

உயிர்ப்பு ஞாயிறன்று அடிபட்டவர்கள் நாம். ஆகவே இந்நோய் நம்மை அணுகாது என்று எண்ணத் தோன்றும். ஆனால் மூன்று வாரம் கழித்து, 2019 மே 12 அன்று, கத்தோலிக்கர் பெருவாரியாக வாழும் சிலாபம் நகரில் என்ன நடந்தது? இஸ்லாமிய வணிகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, இன்னொரு தாக்குதலுக்கான மிரட்டல் என்று புரிந்துகொள்ளப்பட்டது. கூட்டம் திரண்டு பள்ளிவாசல்கள்மீதும் கடைகள்மீதும் கல்லெறிந்தது. மறுநாள் குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் கலவரம் பரவியது. ஓர் இஸ்லாமியர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வன்முறை முழுவதும் கிறிஸ்தவர் செய்தது அன்று. ஆனால் முதல் கற்கள் விழுந்த ஊர், ஓர் ஆயரின் இருக்கை உள்ள ஊர்.

அதற்கு ஒரு வாரம் முன்னர் நீர்கொழும்பில் மோதல் ஏற்பட்டபோது, கர்தினால் மால்கம் இரஞ்சித் அங்கே விரைந்து சென்று, ஓர் இஸ்லாமியருக்கும் தீங்கு செய்யலாகாது என்று தம் மக்களை வேண்டிக்கொண்டார். தம் மந்தையில் நூற்றுக்கு மேற்பட்டோரை அடக்கம் செய்திருந்த மேய்ப்பரின் வேண்டுகோள் அது. இணையத்தில் கிறிஸ்தவர்களும் சொல்வன்முறையில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் சுற்றுமடலில் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். சமாரியர் ஊர் தங்களை ஏற்கவில்லை என்றதும் வானத்திலிருந்து நெருப்பு விழச் செய்யலாமா என்று கேட்டவர்கள் யார்? யாக்கோபும் யோவானும் அல்லவா! ஆண்டவரோடு நடந்தவர்களுக்கே அந்த எண்ணம் வந்தது. அவர் திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டு, வேறோர் ஊருக்குச் சென்றார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் குடும்பங்களின், பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் என்னென்ன வலம் வந்தன என்பதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கலாம். அவற்றைப் பிள்ளைகளும் படித்தார்கள். காலையில் திருப்பாடல், மாலையில் அயல்மதத்தார்மீது பழி என்று ஒரே கையிலிருந்து இரண்டும் வந்தால், இரண்டும் ஒரே பக்தியின் பகுதிகள் என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

சாட்சி என்னும் சொல்

மதவெறியர்கள் நம்மிடமிருந்து திருட விரும்பும் சொல் ஒன்று உண்டு. பிறரைக் கொன்று தானும் மாள்பவரை அவர்கள் சாட்சி என்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்க்கு அச்சொல்லின் பொருள் நூலைப் பார்த்து அறியவேண்டிய ஒன்று அன்று. 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. யாரையும் அவர் வெட்டவில்லை. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் கையில் ஆயுதம் இல்லை. 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. சாட்சி என்பவர் தம் உண்மைக்குத் தம் குருதியைத் தருபவர். பிறர் குருதியைத் தருபவர் எந்த உண்மைக்கும் சாட்சியாக மாட்டார். இந்த ஒரு வேறுபாட்டை மறைக்கல்வி வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால், நம் பிள்ளை பின்னாளில் எந்த உரையைக் கேட்டாலும் அதை உரசிப் பார்க்க ஓர் உரைகல் அவர் கையில் இருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

கைப்பேசியைப் பறித்துவிடுவதால் இது தீராது. பறித்த கை ஓய்ந்ததும் பிள்ளை அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். மாணவர் தேடும் உறவையும் இரக்கத்தையும் தற்கையளிப்பையும் நாம் வேறிடத்தில் தரவேண்டும்.

முதலாவது, கேள்வி கேட்கும் பிள்ளையைக் கடிந்து வாயடைக்கக் கூடாது. கடவுள் ஏன் அநீதியைப் பொறுக்கிறார் என்று மகள் கேட்டால், வாயை மூடிக்கொண்டு செபமாலை சொல் என்று விடை தருகிறோம். நாம் விடை மறுத்த கேள்விக்கு நள்ளிரவில் திரை விடை தருகிறது. எல்லா விடையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உடன் அமர்ந்து சிந்திக்க ஒரு கமாலியேல் ஒவ்வொரு பங்கிலும் இருந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அருள்சகோதரிகளும் இருக்கும் ஊர்களில் இது இயலாத செயல் அன்று. அன்பியக் கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைக்கும் பேச இடம் தரலாம்.

இரண்டாவது, அவர்களுடைய வைராக்கியத்துக்கு அருகில் உள்ள அயலாரைத் தரவேண்டும். 1924-இல் தோன்றிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய இயேசு சபைத் தந்தை பியர் செய்ராக், மாணவர்களைச் சொற்பொழிவு அரங்குகளில் மட்டும் அமர்த்தவில்லை. ஏழைகளிடையே பணிமுகாம்களுக்கு அழைத்துச் சென்றார். மண் சுமந்த தோளுக்கு முழக்கங்கள்மீது மயக்கம் குறைகிறது. கல்வராயன் மலையின் பழங்குடிச் சிற்றூர்களில் ஒரு கோடை விடுமுறை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மாணவர், உலகத்தைத் திருத்துவது எத்துணைப் பொறுமை வேண்டும் வேலை என்பதை அறிந்துவிடுவார். அவரிடம் ஒரே வரி விடையை யாரும் எளிதில் விற்க முடியாது.

மூன்றாவது, வேற்றுமதத்தாரோடு உள்ள நட்பைத் திருநாள் பலகாரம் பரிமாறுவதோடு நிறுத்தலாகாது. கோவையில் கார் வெடித்த சில நாள்களுக்குப் பின், அப்பகுதி ஜமாத் நிர்வாகிகள் கோட்டை ஈசுவரன் கோயிலுக்கே சென்று, அங்கே உள்ளவர்களைச் சந்தித்துத் தங்கள் ஒருமைப்பாட்டைத் தெரிவித்தனர். அனனியா நடந்த அதே வழி அது. காத்தான்குடி இஸ்லாமியர்களும் சஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தீமையை முதலில் கண்டவர்கள் அதே சமூகத்தார். கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏடும், 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் திருத்தந்தையும் அல்-அசார் தலைமை இமாமும் ஒப்பமிட்ட ஏடும் நம் நூலகங்களில் உறங்கலாமா? அவ்விரண்டையும் பக்கத்துத் தெரு இளைஞர்களோடு சேர்ந்து நம் இளையோர் படிக்கட்டும்.

நான்காவது, செய்தி ஒன்று வந்ததும் அனுப்பும் விரலை நிறுத்தி, நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். இந்தச் சினம் என்னை யாருக்குப் பணிசெய்ய அனுப்புகிறது? ஒருவருக்கும் இல்லை என்று மனம் சொன்னால், நாம் காத்துநிற்பது யாருடைய ஆடைகளை என்று தெரிந்துவிடும். பிள்ளைக்குச் சொல்வதற்கு முன் இதைப் பெற்றோர் தாமே செய்து காட்ட வேண்டும்.

கமாலியேலின் மாணவர் ஒவ்வொரு தலைமுறையிலும் பிறக்கிறார். நம் ஊர்களிலும் பிறந்திருக்கிறார்; இன்று எங்கோ ஒரு விடுதி அறையில் விழித்திருக்கிறார். அவருடைய நெருப்பை அணைத்துவிட்டால் நமக்கு ஒரு நல்ல ஊழியர் கிடைக்கலாம். ஒரு பவுல் கிடைக்க மாட்டார். அணைக்காமல் விட்டுவிட்டாலோ, அதை ஏந்திச் செல்ல வேறு கைகள் காத்திருக்கின்றன. அவரிடம் அஞ்சாமல் சென்று, சகோதரர் என்று அழைத்து, அயலாரின் முகத்தைக் காட்டும் அனனியாவின் பணி, பொதுநிலையினராகிய நமக்கே விடப்பட்டிருக்கிறது.